அங்கே இன்னும் பொழுது சாயவில்லை

திருவண்ணாமலை
10.11.2025

என்னங்க,

போனில் பேசினால் நீங்கள் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். எதற்குச் சரி என்று எனக்குத் தெரிவதில்லை. போன வாரம் "உனக்கு அங்க நல்லாத்தானே இருக்கு" என்றீர்கள். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். போகவில்லை. நான்தான் வைத்தேன். அதனால் இனிமேல் கடிதம். விமானத்திலும் கப்பலிலும் மாறி மாறி அங்கே வந்து சேர நாள் பிடிக்கும். ஆனால் நடுவில் வைத்துவிட முடியாது, இல்லையா.

மெஸ் திறந்து மூன்று வாரம் ஆகிறது. ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், புகழேந்தி என்பவர் வீட்டின் முன்பகுதி. அவர் மாடியில் இருக்கிறார். நாலு மேசை போட்டிருக்கிறேன். வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு அடுப்பு கிடையாது. இதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியதைப் பார்த்து, "என்னென்ன இல்லைன்னு எழுதி ஓட்டல் வைக்கிறவங்களை இப்பத்தாம்மா பார்க்கிறேன்" என்றார் புகழேந்தி.

உதவிக்கு உண்ணாமலை என்று ஒரு பெண். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வருகிறாள். நம் ஜைன வீட்டு வழக்கம் அவளுக்குப் புதிது. முதல் நாளே கேட்டாள்: "உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ள இருக்குதுன்னு வேணாங்கறீங்க. வேர்க்கடலையும் மண்ணுக்குள்ளதானே அக்கா இருக்குது?"

"அது கிழங்கு இல்ல உண்ணாமலை, காய்."

"அது மண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வேர்க்கடலையை அரைக்கப் போய்விட்டாள்.

முதல் நாள் நடந்த கூத்தையும் சொல்கிறேன். மதியச் சாப்பாடு நன்றாகப் போனது. சாயங்காலத்துக்குக் கேழ்வரகு அடை வார்த்தேன். நேரம் ஐந்தானதும் உடம்பு தானாகவே எழுந்து அடுப்பை அணைத்து, பாத்திரம் கழுவி, கதவைச் சாத்திவிட்டது. இருபத்தெட்டு வருஷம் அந்தமான் ஹட்பேயில் ஐந்து மணி இருட்டுக்குப் பழகிய உடம்பு. வெளியே நாலைந்து பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மாள். பலகையில் இருந்த எழுத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு விரலை நீட்டிச் சூரியனைக் காட்டினார். நல்ல வெயில். நான் திரும்பக் கதவைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஆனால் என் சாப்பாட்டை மட்டும் இன்னும் நாலரைக்கே முடித்துவிடுகிறேன். உண்ணாமலை சிரிக்கிறாள். அங்கே உங்களுக்கு அதுதானே நேரம். நீங்கள் சாப்பிட உட்காரும்போது நானும் உட்கார்ந்தால், நடுவில் கடல் இருப்பது அவ்வளவாகத் தெரிவதில்லை.

கப்பல் வருகிற நாளில் என்ன செய்கிறீர்கள்? நாலு மணிக்குக் கப்பல் வந்தால் ஆள் இறங்கி முடிவதற்குள் இருட்டிவிடுமே. நான் இருந்தவரை டிபன் கேரியரோடு டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் வந்து நிற்பேன், நீங்களும் நின்றபடியே சாப்பிடுவீர்கள். இப்போது யார் கொண்டுவருகிறார்கள்? இதற்கு மட்டும் "சரி" என்று பதில் எழுதாதீர்கள்.

மருதேவி


ஹட்பே
24.11.2025

மருதேவிக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. இங்கு நலம். குவார்ட்டர்ஸில் ஒழுகிய குழாயை மாற்றிவிட்டார்கள். உன் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். கப்பல் நாளில் அருள்ராஜ் தன் வீட்டிலிருந்து கொண்டுவருவதாகச் சொன்னான். கவுண்டரில் என்னோடு பதினைந்து வருஷம் இருக்கிறவன், மனசார சொன்னான். ஆனால் மீன் சமைக்கிற வீடு. அதனால் மதியமே நான் சமைத்து டப்பாவில் எடுத்துப் போகிறேன். நாலரைக்குள் ஆறிவிடுகிறது. ஆறின சோறு சாப்பிட்டு யாரும் செத்ததில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது. போனில் சொல்லியிருந்தால் நீ வைத்திருப்பாய்.

மே மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் இரண்டு வருஷம் இதே கவுண்டரில் இருக்க முடியுமா என்று மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். புதிதாக வருகிற பையன்கள் இந்தத் தீவில் ஆறு மாதம் தங்குவதில்லை என்றார். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "ரிடையர் ஆனதும் வந்து கல்லாவுல உக்காருங்க" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு அப்படி இருக்கவில்லை. இங்கே கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்கு நான் நடந்து போனால் நிற்கிற கூட்டம் வழி விடுகிறது. கப்பல் உண்டா இல்லையா என்பதை இந்த ஊர் என் வாயிலிருந்துதான் கேட்கும். அங்கே வந்தால் நான் யார்? மெஸ் அம்மாவுடைய வீட்டுக்காரர். உன்மேல் பொறாமைப்பட்டு இதை எழுதவில்லை. அறுபது வயதில் ஒரு வேலையை முதலிலிருந்து கற்றுக்கொள்ளப் பயமாக இருக்கிறது. உனக்கு அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷ நர்ஸ் வேலையை முட்டிவலி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் கிளம்பினாய்.

நாலரைக்கு நீயும் சாப்பிடுவதாக எழுதியிருந்தாய். நல்லது. நேற்று டப்பாவைத் திறந்தபோது ஒருமுறை எதிர்ப்பக்கம் பார்த்தேன்.

வர்த்தமானன்


திருவண்ணாமலை
6.12.2025

என்னங்க,

தீபம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. ஊர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

கல்லாவில் உட்காருங்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம், கடையில் முதுகு சாய்கிற நாற்காலி அந்த ஒன்றுதான். வேறு அர்த்தம் இல்லை. உங்கள் இடுப்பை நினைத்துச் சொன்னேன். அதை இவ்வளவு நாள் உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

முட்டிவலி என்று நான் சொன்னது பொய் இல்லை. முழுதும் உண்மையும் இல்லை. "அங்கே நான் யார்" என்று கேட்கிறீர்களே, ஹட்பேயில் நான் யார்? ஊசி போடுகிறவள். நான் தெருவில் நடந்தால் பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். "சாப்பிடலேன்னா சிஸ்டரைக் கூப்பிடுவேன்" என்று என் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தீவில் சோறு ஊட்டினார்கள். அவர்களே பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே ஊட்டினார்கள். ஒரு தடவையாவது என்னைப் பார்த்ததும் ஒருத்தருக்குப் பசி எடுக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் முட்டி என்றேன். பயம் இருந்ததா என்றால், இருந்தது. முதல் வாரம் முழுவதும் உப்புப் போட்டேனா என்று உண்ணாமலையைத்தான் கேட்டேன். அவள் "எத்தினி தடவை கேப்பீங்க, கடல்லேர்ந்து வந்தவங்க" என்றாள்.

தீபத்தன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். காலையிலிருந்து ஜனம் நடந்து வந்துகொண்டே இருந்தது. நாலு மேசை போதாமல் சந்தில் பாய் விரித்தோம். கூட்டம் ஜாஸ்தி, கை கம்மி. நாலரை ஆனது எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது ஐந்தரை. பொழுது சாயக் கொஞ்சம்தான் பாக்கி. அடுப்படியில் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் தினம் ஐந்தரைதான் ஆகிறது. சாயங்காலம் ஆசிரமத்துக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னால் சாப்பிட்டுவிட்டுப் போகப் பழகிவிட்டார்கள். நாலரை மணிதான் இப்போது கூட்டமான நேரம். இனி அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. நீங்கள் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்று. அடுப்பை அணைத்துப் பாத்திரமும் கழுவின பிறகு ஒரு குடும்பம் வந்தது. விழுப்புரம் பக்கமாம். கூட ஒரு வயதானவர். "ஏதாவது இருந்தா குடுங்கம்மா, காலைலேர்ந்து நடக்கிறோம்" என்றார். "முடிஞ்சிடுச்சுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். அவர் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில்தான் மலைமேல் தீபம் ஏற்றினார்கள். ஊரே குரல் எழுப்பியது. நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒப்பந்தத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அது உங்கள் வேலை. நான் என்ன நினைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மருதேவி


ஹட்பே
21.12.2025

மருதேவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தீபம் நன்றாக நடந்தது அறிந்து மகிழ்ச்சி. ஐந்தரைக்குச் சாப்பிட்டதில் தவறில்லை. அந்த ஊர் நேரம் அது.

கடல் சரியில்லை. இன்று கப்பல் இல்லை. வேறு விசேஷம் இல்லை.

வர்த்தமானன்

பின்குறிப்பு: ஊறுகாய் தீர்ந்துவிட்டது. அனுப்ப வேண்டாம்.


திருவண்ணாமலை
11.1.2026

என்னங்க,

ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். படிக்க அதில் ஒன்றும் இல்லை, அதனால் நாலு தடவை. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்துக்கு எழுதிப் பழகியவர் நீங்கள், கோபம் வந்தால் சுற்றறிக்கை மாதிரி எழுதுகிறீர்கள்.

போன பௌர்ணமி அன்று புகழேந்தி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "ஊருக்கே இன்னிக்கு ராத்திரிதாம்மா வியாபாரம். மலை சுத்துறவன் விடிய விடிய நடப்பான், விடிய விடிய திம்பான். ஆறு மணிக்கு மூடற ஒரே ஆள் நீங்கதான்" என்றார். "விளக்கைப் பார்த்துப் பூச்சி வந்து அடுப்புல விழுமுங்க. எங்க வழக்கத்துல அது கூடாது" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொசு கூடவா?" என்றார். "கொசு கூடத்தான்." "அப்ப எங்க வீட்டுப் பக்கம் கொஞ்சம் சொல்லி வையுங்க, உங்களுக்குக் கட்டுப்பட்டு அதுங்களும் கடிக்காம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. ஆனால் அன்று கதவைத் தட்டினவர்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் நான் உள்ளே ஒளிந்துகொண்டேன்.

இந்த வேலையில் எனக்கு வராதது அது ஒன்றுதான். பசியோடு வந்தவரைப் பார்த்து இல்லை என்று சொல்வது.

ஏதாவது எழுதுங்கள். கோபமாகவாவது.

மருதேவி


திருவண்ணாமலை
10.2.2026

என்னங்க,

பதில் வரவில்லை. வேறு இடத்திலிருந்து சேதி வந்தது.

நேற்று ரேவதி போன் செய்தாள். சுகாதார நிலையத்தில் என் இடத்துக்கு வந்த பெண். நல்லவள், உள்ளதைச் சொல்கிறவள். ஒரு கர்ப்பிணியைக் கப்பல் ஏற்ற ஜெட்டிக்குப் போனாளாம். "அக்கா, சார் கவுண்டருக்குப் பின்னாடி லைட் போட்டு உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தார். நல்லா இருட்டிடுச்சு. ஒரு நாள் இல்லக்கா, தினம் அப்படித்தான்னு அருள்ராஜ் சொல்றார்" என்றாள்.

கல்யாணம் ஆகி இந்த முப்பது வருஷத்தில் நீங்கள் இருட்டில் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சுனாமி வந்த அன்று மேட்டில் நின்றோமே, யாரோ பொட்டலம் கொடுத்தார்கள். பொழுது போய்விட்டது என்று பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தவர் நீங்கள். நான் கிளம்பி நாலு மாதத்தில் விட்டுவிட்டீர்களா?

என்மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டுங்கள். நான் போனதற்காக உங்கள் வழக்கத்தை ஏன் விட வேண்டும்? அது நான் வருவதற்கு முன்னாலிருந்தே உங்களிடம் இருந்தது. நான் இங்கே பொழுது சாய்ந்தது என்று ஜனத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று தவிக்கிறேன். அங்கே என் வீட்டுக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். எனக்கு இப்போது யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள். இனிமேல் எனக்கு "விசேஷம் இல்லை" என்று எழுத வேண்டாம்.

மருதேவி


ஹட்பே
24.2.2026

மருதேவி,

ரேவதி சொன்னது உண்மை. விளக்குப் போட்டுத்தான் சாப்பிட்டேன். வழக்கத்தை விட்டுவிட்டேன் என்று நீ நினைப்பது உண்மை இல்லை. அதை விளக்கி எழுத வேண்டியிருக்கிறது. எழுதினால் நீ சிரிப்பாய். அதனால்தான் எழுதவில்லை.

டிசம்பரில் உன் கடிதம் வந்தது ஒரு கப்பல் நாளில். கவுண்டரிலேயே பிரித்துப் படித்தேன். நாலரைக்கு டப்பாவைத் திறந்தேன். நீ இப்போது சாப்பிடவில்லை, அங்கே நீ யாருக்கோ பரிமாறிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தது. எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. இத்தனை நாளும் அங்கே யாரும் இருந்ததில்லைதான். ஆனால் அன்றுதான் இல்லாமல் போனாய். டப்பாவை மூடிவிட்டேன். அன்று பட்டினி. மறுநாளும் திறந்து மூடினேன். அன்றும் பட்டினி. அன்றைக்குத்தான் உனக்கு அந்தச் சுற்றறிக்கையை எழுதினேன்.

மூன்றாம் நாள் யோசித்தேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்பது விதி. எந்த ஊர்ப் பொழுது என்று நமக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. நம் பெரியவர்கள் இருந்த ஊரிலேயே இருந்தார்கள், அவர்களுக்கு இருந்தது ஒரே சூரியன். ஒரே வீட்டில் இருவருக்கு இரண்டு அஸ்தமனம் வரும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். கைப்பேசியில் வானிலை பார்க்கிற இடத்தில் ஹட்பேயை எடுத்துவிட்டுத் திருவண்ணாமலை என்று போட்டேன். சிக்னல் கிடைக்கிறபோது அது உங்கள் ஊரில் சூரியன் மறைகிற நேரத்தைக் காட்டும். இங்கே காட்டுக்குப் பின்னால் பொழுது இறங்கி முக்கால் மணிக்குமேல் ஆனாலும் அங்கே இன்னும் வெளிச்சம். அந்த நேரத்தில் உட்காருவேன். எனக்கு இருட்டு, உனக்கு வெயில். நீ ஒரு கையால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுவாய் என்று நினைத்துக்கொள்வேன்.

அருள்ராஜ் கேட்டான்: "என்ன சார், லைட் போட்டுச் சாப்பிடறீங்க? மதம் மாறிட்டீங்களா?"

"இல்லடா, ஊர் மாறிட்டேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. நல்லவேளை.

ஒரு நாள் விளக்கைச் சுற்றிய பூச்சி ஒன்று குழம்பில் விழுந்தது. எதற்காக இந்த வழக்கத்தை வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டைத் தள்ளிவைத்தேன். அந்தப் பூச்சிக்குத் திருவண்ணாமலையில் வெளிச்சம் இருந்து என்ன பயன்? ஆனாலும் மறுநாள் அதே நேரத்துக்குத்தான் உட்கார்ந்தேன். தட்டுக்கு மேல் கொசுவலைத் துணியைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன். நான் செய்தது சரி என்று சொல்லவில்லை. நாலரைக்குத் தனியாகச் சாப்பிட முடியவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒப்பந்தத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. காகிதம் மேசைமேல் இருக்கிறது. ஊறுகாய் வந்தது.

வர்த்தமானன்


திருவண்ணாமலை
8.3.2026

என்னங்க,

கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். சிரித்தேன். உண்ணாமலை என்னவென்று கேட்டாள், சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் சொல்ல முடியவில்லை. "இன்னாக்கா, சிரிக்கிறீங்களா அழறீங்களா, ஒண்ணைச் செய்யுங்க, அடை கருவுது" என்றாள்.

இருட்டில் உட்கார்ந்து என் வெளிச்சத்தைச் சாப்பிட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

கேளுங்கள். நின்ற இடத்துப் பொழுதுதான் பொழுது. நான் முதலில் செய்ததும் தப்புதான். இங்கே வெயிலில் உட்கார்ந்துகொண்டு உங்கள் அஸ்தமனத்தைச் சாப்பிட்டேன். அதனால் ஒரு பூச்சியும் சாகவில்லை, அவ்வளவுதான். உங்களால் ஒன்று செத்திருக்கிறது. நாளையிலிருந்து அந்த ஊர்ச் சூரியன் இறங்குவதற்குள் சாப்பிடுங்கள். நான் எதிரில் இல்லை. அது கஷ்டம்தான். எனக்கும் இங்கே எதிரில் யாரும் இல்லை. நாலு மேசையும் நிறைந்திருக்கும்போதுதான் அது ரொம்பத் தெரிகிறது.

ஒப்பந்தம் உங்கள் விருப்பம் என்று டிசம்பரில் எழுதினேன். அது வீராப்பு. இப்போது நேராக எழுதுகிறேன். நீங்கள் இங்கே வர வேண்டும் என்று எனக்கு ஆசை. கையெழுத்துப் போட்டால் அங்கே ஐந்துக்குள் சாப்பிடுங்கள். போடாவிட்டால் இங்கே வந்து ஆறுக்குள் சாப்பிடுங்கள். நடுக்கடலில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

இங்கே நீங்கள் யார் என்று கேட்டீர்கள். யோசித்துவிட்டேன். கல்லா வேண்டாம், அதை உண்ணாமலை என்னைவிட நன்றாகப் பார்க்கிறாள். எனக்கு வேண்டியது வாசலில் ஒரு ஆள்.

நான் கர்ப்பிணிகளைக் கூட்டிக்கொண்டு ஜெட்டிக்கு வந்த நாட்களில் உங்களைப் பார்த்திருக்கிறேன். கப்பல் நிறைந்துவிட்டால் மற்ற கவுண்டரில் "இடம் இல்லை, போங்க" என்பார்கள், கூட்டம் கத்தும். நீங்கள் வெளியே வந்து நிற்பீர்கள். அடுத்த கப்பல் எப்போது என்று சொல்வீர்கள். எதிரில் நிற்கிறவர் பெயரைக் கேட்டு சிலேட்டில் எழுதுவீர்கள். "வியாழக்கிழமை முதல் ஆள் நீங்கதான், இப்ப வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்பீர்கள். ஜனம் திட்டாமல் போகும். வியாழக்கிழமை அவர் முதல் ஆளாகவே ஏறுவார். முப்பத்திரண்டு வருஷம் நீங்கள் டிக்கெட் கொடுத்தீர்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்கள் அதிகமும் செய்தது, இல்லை என்பதை ஒருத்தர் முகம் வாடாமல் சொன்னது.

இங்கே தினமும் சாயங்காலம் ஒரு கப்பல் நிறைகிறது. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன். உங்களுக்கு உபகாரமாக நாற்காலி கொடுக்கவில்லை. தெரியாத வேலைக்குத் தெரிந்த ஆளைக் கேட்கிறேன். யோசித்து எழுதுங்கள்.

மருதேவி


ஹட்பே
2.5.2026

மருதேவி,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். மேலதிகாரிக்குச் சொல்லாமல் உனக்குச் சொன்னால் அது முடிவு இல்லை, ஆசை.

நேற்று முன்தினம் போய்ப் பார்த்தேன். ஒப்பந்தம் வேண்டாம் என்றேன். "சம்பளம் போதலையா?" என்றார். இல்லை என்றேன். "உடம்பா?" இல்லை. "பின்ன அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?"

"வாசல்ல நிக்கப் போறேன் சார்" என்றேன். செக்யூரிட்டி வேலை என்று நினைத்துக்கொண்டார். வருத்தப்பட்டார். நான் திருத்தவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளிலிருந்து இந்த ஊர்ப் பொழுதுக்குள் சாப்பிட்டுவிடுகிறேன். ஊர்ப்பெயரை மட்டும் கைப்பேசியில் மாற்றவில்லை. அங்கே மழையா என்று பார்க்க அது வேண்டும்.

நீ சொன்ன வேலை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். கப்பலுக்குக் காத்திருக்கிறவன் வேறு, பசிக்கிறவன் வேறு. வியாழக்கிழமை வா என்று பசியிடம் சொல்ல முடியாது. வந்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் வாரம் தப்பு செய்வேன். உண்ணாமலையிடம் சொல்லி வை.

சிலேட்டை அருள்ராஜ் கேட்டான், கொடுக்கவில்லை. கறிவேப்பிலைச் செடியை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். மே 31 வேலை முடிகிறது. இரண்டாம் தேதி இங்கிருந்து போர்ட் பிளேயர். அங்கிருந்து சென்னைக் கப்பலில் இடம் போட்டிருக்கிறேன். என் பெயரை நானே எழுதிக்கொண்ட முதல் டிக்கெட். கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்தால் எட்டாம் தேதி மதியம் சென்னை. பஸ் பிடித்துத் திருவண்ணாமலை வரும்போது எட்டு மணி ஆகிவிடும். உங்கள் ஊர்க் கணக்கிலும் பொழுது சாய்ந்திருக்கும். எனக்கு எதுவும் எடுத்து வைக்காதே.

வர்த்தமானன்


திருவண்ணாமலை
14.5.2026

என்னங்க,

இந்தக் கடிதம் நீங்கள் கிளம்புவதற்குள் வந்துசேர வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன்.

சித்ரா பௌர்ணமி அன்று நானே வாசலில் நின்று பார்த்தேன். ஒளியவில்லை. பள்ளிப்பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டு ஒன்று வாங்கி, "இப்ப முடிஞ்சிடுச்சு, காலைல உங்களுக்குத்தான் முதல் இட்லி" என்று சொல்லிப் பெயர்களை எழுதினேன். எதிர்ச்சந்தில் இரவுக் கடை எது நன்றாக இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினேன். பாதிப் பேர் காலையில் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர், மலை சுற்றிக் கால் வீங்கி, "எம்பேரு இருக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார். இருந்தது. நீங்கள் சொல்லியிருந்தால் எல்லோரும் வந்திருப்பார்கள்.

உண்ணாமலையிடம் சொல்லிவிட்டேன். "முதல் வாரம்தானே, உங்க உப்பையே தாங்கிட்டேன்" என்றாள்.

எட்டாம் தேதி எட்டு மணிக்கு வருகிறீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருவேன். ஒன்றும் எடுத்து வைக்கப்போவதில்லை. அன்று சாயங்காலம் நானும் சாப்பிடப்போவதில்லை. இத்தனை நாள் ஒருத்தருக்கொருத்தர் நேரம் தப்பித்தப்பிச் சாப்பிட்டாயிற்று. அன்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடாமல் இருக்கலாம்.

இன்னும் ஒன்று. உங்களுக்கு அந்த ஊர்ப் பழக்கம், நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும். எனக்கும் இன்னும் அப்படித்தான், ஏழு மாதமாக அந்த நேரத்தில் எழுந்து ஒன்றும் செய்யத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே சூரியன் வர ஆறு மணி ஆகும். அதற்கு முன்னால் அடுப்பு மூட்ட முடியாது, வாயில் ஒன்றும் போட முடியாது, கதவு திறக்க முடியாது.

பேசிக்கொண்டிருக்கலாம்.

மருதேவி